மூன்றாம் பக்கத்தில் நீக்கிய கோடு

ஒரே ஆளை, ஒரே மேசையில், ஒன்பது வருஷம் "தற்காலிகம்" என்று எழுதி எழுதி உட்கார வைப்பார்களா? வைத்தார்கள். கணிதத் துறையின் மூன்றாவது மாடியில், கெட்டுப்போன நகல் எந்திரத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவே அவளுடைய மேசை. அந்த எந்திரத்தை எடுத்துப்போக ஆள் வருவார் என்று ஒன்பது வருஷமாகச் சொல்கிறார்கள். அவளை நிரந்தரமாக்கும் உத்தரவு வரும் என்றும் அதே ஒன்பது வருஷமாகத்தான் சொல்கிறார்கள். எந்திரம் அதை நம்பவில்லை. அவள் நம்பினாள், அதுதான் வித்தியாசம்.

இந்தத் தடவை நிஜமாகவே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நேர்காணல். இருப்பது ஒரே இடம். போட்டிக்கு இருந்த இரண்டு பேரும் வேறு எங்கோ வேலை கிடைத்துப் போய்விட்டதால் வரப்போவதும் ஒரே ஆள். கேட்கிற தகுதியும் ஒன்றே ஒன்று: கடைசி ஐந்து வருஷத்துக்குள், பெயர்பெற்ற ஆய்விதழ் ஏற்றுக்கொண்ட கட்டுரை குறைந்தது ஒன்றாவது இருக்க வேண்டும். அவளிடம் இருந்தது. போன மாதம்தான் ஏற்பு மடல் வந்தது. இந்த நேர்காணல் தவறினால் மாதக் கடைசியோடு வெளியே போக வேண்டியதுதான். பத்தாவது முறை ஒப்பந்தத்தை நீட்டிக்க விதியில் இடமில்லை என்று அலுவலகத்தில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். நாற்பத்தொரு வயதில் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம் போடுவது என்றால் எப்படி இருக்கும் என்று அவளிடம் கேட்டுவிடாதீர்கள், கடித்துவிடுவாள்.

கட்டுரை எதைப் பற்றி என்றால், சிங்குலாரிட்டி. பயந்து ஓட வேண்டாம், இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். பொதுச் சார்பியலில் காலமும் வெளியும் தனித்தனி ஆட்கள் இல்லை. இரண்டும் சேர்ந்த ஒன்றுதான், அதற்குக் காலவெளி என்று பெயர். அதில் ஒளி தன் பாதையில் போய்க்கொண்டே இருக்கும். சில இடத்தில் அந்தப் பாதை பாதியிலேயே முடிந்துபோகும். எதிரே சுவர் இருப்பதால் அல்ல; அதற்கு மேல் இடம் என்பதே இல்லாததால். அதுதான் சிங்குலாரிட்டி. வழக்கமாக அதை நெருங்க நெருங்கக் காலவெளியின் வளைவு கண்மண் தெரியாமல் ஏறி, உள்ளே போனதெல்லாம் சுக்குநூறாகிவிடும். இவளும் இவள் கூட்டாளியும் கண்டுபிடித்தது வேறு ரகம். சுழன்றபடியே சுருங்குகிற ஒரு தூசு மேகம். அதற்குள்ளே ஒரு கோடு. அந்தக் கோட்டை நெருங்கும்போது எந்த வளைவும் ஏறவில்லை, எதுவும் நொறுங்கவில்லை, ஆனாலும் ஒளியின் பாதை பொசுக்கென்று அங்கே முடிந்துவிடுகிறது. "அமைதியான சிங்குலாரிட்டி" என்று பெயர் வைத்தார்கள். நாலு வருஷ உழைப்பு, முப்பத்தோரு பக்கம்.

கூட்டாளிக்குத் துறையில் "அப்புறம்" என்று பெயர். எதைக் கேட்டாலும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பான். இவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை மட்டும் அப்புறம் என்று சொல்லாமல் விண்ணப்பத்தைக் கடைசி நாளைக்கு முன்பே கொடுத்துத் தொலைத்தான், அன்றோடு நிரந்தரமாகிவிட்டான். இவளுக்கு அந்தக் கடைசி நாளில் பிரசவ வலி. சில பேர் ராசி அப்படி.

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தேர்வுக் குழுவில் ஐந்து பேர், அதில் மூன்று பேருக்கு இயற்பியலோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை, ஆகவே விண்ணப்பதாரர் தன் ஆய்வை விளக்கும் படம் ஒன்றாவது கொண்டுவர வேண்டும். நாலு வருஷத்தில் அவர்கள் ஒரு படம்கூட வரைந்ததில்லை. படம் வரைவது சின்னப் பிள்ளைகள் வேலை, சமன்பாடு இருக்கும்போது படம் எதற்கு என்பது அப்புறத்தின் கொள்கை. சரி என்று மகளின் பையிலிருந்து எடுத்து வந்த வண்ணப் பேனாக்களையும் ஒரு பெரிய தாளையும் மேசையில் விரித்து உட்கார்ந்தாள்.

முதலில் மேகம். நீலத்தில் ஒரு பெரிய உருளை. அடுத்து, கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது: "மேகத்தின் நடு அச்சில் நமது ஆயங்கள் செயல்படாது, எனவே அச்சை இப்போதைக்கு நீக்கிவிடுகிறோம்." ஆயம் என்றால் இடத்தைக் குறிக்கப் போடும் அளவுக்கோடு; இதில் ஒரு தப்பும் இல்லை. உலக உருண்டையில் வட துருவத்தில் எல்லாத் தீர்க்கரேகைகளும் ஒரே புள்ளியில் வந்து முட்டிக்கொள்ளும். அங்கே நின்றுகொண்டு கிழக்கு எது என்று கேட்டால் பதில் கிடையாது. அதனால் பூமியில் அங்கே ஓட்டை என்று அர்த்தமில்லை, கோடு போட்ட விதம் அப்படி. கணக்குப் போடும்போது அந்த இடத்தைத் தற்காலிகமாக விட்டுவிட்டு, கடைசியில் வேறு மாதிரி ஆயங்களைப் போட்டு அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். எல்லாரும் செய்வதுதான். அவள் நீல உருளையின் நடுவே பென்சிலால் புள்ளிக்கோடு ஒன்று போட்டாள்.

பிறகு ஒன்பதாம் பக்கத்தில் ஆயங்களை ஒரு தடவை மாற்றியிருந்தார்கள். பதினான்காம் பக்கத்தில் இன்னொரு தடவை. ஒவ்வொரு புள்ளியாக இந்த மாற்றங்களைப் பின்னோக்கிக் கணக்குப் பார்த்து, சிங்குலாரிட்டி படத்தில் எங்கே வரும் என்று சிவப்புப் பேனாவால் குறித்துக்கொண்டே வந்தாள். ஒரு புள்ளி. இன்னொரு புள்ளி. ஆறாவது புள்ளியில் கை நின்றுவிட்டது.

சிவப்புப் புள்ளிகள் எல்லாம் பென்சில் கோட்டின் மேலேயே விழுந்திருந்தன.

திரும்பக் கணக்குப் பார்த்தாள். அதே கோடு. இன்னொரு தடவை. அதே எழவெடுத்த கோடு. மூன்றாம் பக்கத்தில் தாங்களே நீக்கிவிட்டு, திரும்பச் சேர்க்க மறந்துபோய், இரண்டு தடவை ஆயங்களை மாற்றியதில் அடையாளம் தெரியாமல் போன அச்சு அது. நாலு வருஷம் கழித்து அதன் எதிரிலேயே போய் நின்று, ஐயையோ இங்கே பாதை முடிகிறதே, அதிசயமாக எதுவும் நொறுங்கவில்லையே என்று முப்பத்தோரு பக்கத்துக்கு வாயைப் பிளந்திருக்கிறார்கள். எப்படி நொறுங்கும்? அங்கே ஒன்றுமே ஆகவில்லை! தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நேராக எதிர் அறைக்குப் போனாள்.

அப்புறம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான்.

"டேய், மூணாம் பக்கத்துல எடுத்தோமே அச்சு, அதைத் திரும்ப எங்கடா வெச்சோம்?"

"எந்த அச்சு?"

"அம்மிக்குழவி அச்சு! நடு அச்சுடா! 'இப்போதைக்கு நீக்கிவிடுகிறோம்'னு உன் கையால எழுதியிருக்க."

"ஓ, அதுவா. அப்புறம் சேர்த்துக்கலாம்னு..." அங்கேயே அவன் குரல் தேய்ந்துவிட்டது. அவள் தாளை அவன் மேசைமேல் விரித்தாள். அவன் நீலத்தைப் பார்த்தான், பென்சில் கோட்டைப் பார்த்தான், சிவப்பைப் பார்த்தான். பார்க்கப் பார்க்க முகம் வெளுத்தது.

"ஒளிப்பாதையை அதுக்கு மேல நீட்டிக்க முடியாதுன்னு நிரூபிச்சோமே," என்றான் கடைசியில். "இருபத்தஞ்சாம் பக்கம்."

"அந்த ஆயங்கள்ல நீட்டிக்க முடியாதுன்னு நிரூபிச்சோம். துருவத்துல கிழக்கு இல்லைன்னு நிரூபிக்கற மாதிரி. அதுக்கு ஆறு பக்கம் வேற."

"மதிப்பீட்டாளரே ஒண்ணும் சொல்லலையே."

"பதினோரு மாசம் கையில வெச்சிருந்துட்டு ரெண்டு காற்புள்ளியும் ஒரு மேற்கோள் எண்ணும் திருத்தச் சொன்னாரே, அவரா? அவர் ரெண்டாம் பக்கத்தைத் தாண்டியிருந்தா என் பேரை மாத்திக்கறேன்."

ஒரே ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. அந்த அச்சைத் திரும்ப வைத்துப் பார்க்கலாம். வைத்த பிறகும் அங்கே நிஜமாகவே ஏதாவது பழுது இருந்தால் கட்டுரை பிழைக்கும். அதற்குச் சுலபமான சோதனை உண்டு. ஒரு தாளில் வட்டம் போட்டு, அதன் சுற்றளவை ஆரத்தால் வகுத்தால் 6.28 வரும். அதே தாளில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு ஓரங்களை ஒட்டிக் கூம்பாக்குங்கள். கூம்பின் முனையைச் சுற்றி வட்டம் போட்டால் 6.28 வராது, குறையும். முனையில் நிஜமான பழுது இருக்கிறது என்று பொருள். அச்சைச் சுற்றிச் சின்னச் சின்ன வட்டமாகப் போட்டு, வட்டம் சுருங்கச் சுருங்க அந்த எண் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 6.28 வந்தால் அங்கே ஒன்றும் இல்லை, அவளுக்கும் ஒன்றும் இல்லை. வேறு எந்த எண் வந்தாலும் வேலை நிச்சயம்.

புதன்கிழமை முழுக்க அதுதான் வேலை. வகுப்பை வேறு ஆளிடம் தள்ளிவிட்டாள். எட்டுத் தாள் கணக்கு. மதியம் மூன்று மணிக்கு விடை வந்தது: 3.14.

எழுந்து நகல் எந்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நிஜமாகத்தான். பாதிதான் வந்திருக்கிறது, பாதி! கூம்பு! உண்மையான சிங்குலாரிட்டி! எதிர் அறைக்கு ஓடி, "பொழைச்சோம்டா!" என்று கத்தினாள். அப்புறத்துக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இரண்டு பேரும் கீழே போய்த் தேநீர் குடித்தார்கள். அவன் இரண்டு பன் வாங்கிக் கொடுத்தான். இரண்டாவது பன்னில் பாதி இறங்கிக்கொண்டிருக்கும்போது அவளுக்குத் தொண்டையில் அடைத்தது.

"ஒன்பதாம் பக்கத்துல கோணத்தைப் பாதியாக்கி எழுதினோமா?"

"ஆமா. வசதிக்கு."

"ரெண்டால பெருக்கலை நான்."

3.14-ஐ இரண்டால் பெருக்க இரண்டு பேருக்கும் கால்குலேட்டர் தேவைப்படவில்லை. அப்புறம் தட்டைத் தள்ளி வைத்தான். மேலே போய் மீதிச் சோதனைகளையும் போட்டுப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே பதில். அச்சில் ஒரு கீறல்கூட இல்லை. ஒளி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் படுபாவி ஒளிக்கு நேர்காணல் எதுவும் இல்லை.

வீட்டில் அவள் கணவன் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். நாள் முழுக்க "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்டுக் கேட்டு, வீட்டில் யாராவது தெளிவில்லாமல் பேசினால் அவனுக்குப் பொறுக்காது. அவள் வாளியின் பக்கத்தில் உட்கார்ந்து ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்தாள்.

"இரு இரு," என்றான். "நாலு வருஷமா ஓட்டை இருக்குன்னு சொன்ன, நம்பினேன். எங்க அம்மாகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். இப்ப இல்லைங்கற, அதையும் நம்பறேன். வெள்ளிக்கிழமை என்ன சொல்லப் போற? அதை மட்டும் சொல்லு."

"தெரியலைங்க."

"சொல்லாம விட்டா?"

"வேலை கிடைக்கும். அப்புறம் ஆறு மாசம் கழிச்சு இதழுக்குத் திருத்தம் அனுப்பலாம்னு அவன் சொல்றான்."

"சொன்னா?"

"கிடைக்காது."

அவன் ஒரு சட்டையை உதறினான். தண்ணீர் அவள் முகத்தில் தெறித்தது. "ஒன்பது வருஷமா உன்னைச் சாகடிச்சிருக்காங்க. அந்தக் கட்டடத்துக்கு நீ ஒரு மண்ணும் பாக்கி வைக்கலை. அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ." அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது அவள் ஒரு முடிவுக்கு வந்திருப்பாள். சில சமயம் நல்ல கணவனாக இருப்பதும் இம்சைதான்.

வியாழக்கிழமை புதிதாக ஒரு தாள் எடுத்துப் படத்தைத் திரும்ப வரைந்தாள். நீல உருளை, நடுவே சிவப்புக் கோடு. பென்சில் கோடு இல்லை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அப்புறம் வந்து பார்த்துவிட்டு, "அம்மா தாயே, உள்ள போ, பேசு, வெளிய வா. மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கலாம். பொய் சொல்லச் சொல்லலை. கேட்காததைச் சொல்லாதேன்னுதான் சொல்றேன்," என்றான். அவள் சரி என்று தலையாட்டினாள். தலையாட்டினாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அன்றைக்கு அவள் மனசார அப்படித்தான் முடிவு செய்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி நேர்காணல் பதினொன்றே முக்காலுக்குத் தொடங்கியது. நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், தொட்டால் கிறீச்சென்று கத்துகிற ஒலிவாங்கி. ஐந்து பேர். நடுவில் தலைவர், நிர்வாகத்திலிருந்து வந்தவர், முன்னால் படிவத்தை வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு பக்கம் சட்டப் பிரிவுக்காரர், இன்னொரு பக்கம் நூலகர். ஓரத்தில் வேதியியல் பேராசிரியர் ஒருவர் கைப்பேசியை மேசைக்கு அடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மறு ஓரத்தில் வெளிநிபுணர். வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பெண்மணி, ஐம்பது வயது இருக்கும், முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். இந்தத் துறை தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான்.

"உங்க கட்டுரையைப் பத்தி எல்லாரும் ரொம்பப் பெருமையாச் சொன்னாங்க," என்று தலைவர் தொடங்கினார். யார் அந்த எல்லாரும் என்று அவள் கேட்கவில்லை. "படத்தைக் காட்டுங்க."

படத்தைப் பலகையில் மாட்டினாள். மேகம் என்றாள், தலையாட்டினார்கள். சுழல்கிறது என்றாள், தலையாட்டினார்கள். சுருங்குகிறது என்றாள், அதற்கும். சிவப்புக் கோட்டைக் காட்டி, "இங்கே ஒளியின் பாதை முடிஞ்சுபோகுது," என்றாள். நூலகர், "அற்புதம்," என்றார். சட்டப் பிரிவுக்காரர் ஏதோ சொந்தக்காரர் இறந்த செய்தி கேட்ட மாதிரி மெதுவாக, ஆழமாகத் தலையாட்டினார். வேதியியல், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே ஆட்டினார். வெளிநிபுணர் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவளுக்கு ஏறியது. நேர்மை, மனசாட்சி என்று பெரிய வார்த்தையெல்லாம் போட வேண்டாம். அதெல்லாம் செவ்வாய்க்கிழமையே வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. இது சுத்தமான எரிச்சல். நாலு வருஷம்! மதிப்பீட்டாளர் படிக்கவில்லை, இதழாசிரியர் படிக்கவில்லை, கூட எழுதினவனே மூன்றாம் பக்கத்தை மறந்துவிட்டான், இதோ நாலு பேர் உட்கார்ந்து என்ன சொன்னாலும் ஆட்டுகிறார்கள். மேகத்துக்குள்ளே மின்விசிறி இருக்கிறது என்றாலும் ஆட்டுவார்கள். இந்த உலகத்தில் அந்த முப்பத்தோரு பக்கத்தையும் முழுசாகப் படித்தது அவள் ஒருத்திதான்.

"இது தப்பு," என்றாள்.

"எது?" என்றார் தலைவர்.

"கட்டுரை. தப்பு."

தலைவர் சிரித்தார். "நல்ல அடக்கம். ஆராய்ச்சியாளர்னா இப்படித்தான் இருக்கணும்."

"அடக்கம் இல்ல சார். தப்பு. அந்தக் கோட்டுல ஒண்ணுமே இல்ல."

"சின்னச் சின்னக் குறை எல்லார் வேலையிலயும் இருக்கும்மா."

இவர்களோடு வாதாடி வேலையை இழக்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைவர் முன்னால் கிடந்த ஒரு தாளை எடுத்தாள், நடுவில் விரலை விட்டு டர்ரென்று கிழித்து ஓட்டை போட்டாள், தூக்கிப் பிடித்தாள். "இந்தத் தாள்மேல ஒரு எறும்பு நடந்து வருது. இங்க வந்ததும் வழி முடிஞ்சுபோச்சு. அதைப் பார்த்துட்டு நான் நாலு வருஷமா, 'ஆகா, இந்தத் தாள்ல ஒரு அமைதியான ஓட்டை இருக்கு, ஓரத்துல ஒரு சுருக்கம்கூட இல்ல, எவ்வளவு பெரிய அதிசயம்'னு கட்டுரை எழுதியிருக்கேன். ஓட்டையைப் போட்டது நான் சார்! மூணாம் பக்கத்துல நானே போட்டேன், போட்டதை மறந்துட்டேன். தாள் நல்லாத்தான் இருந்துச்சு."

"அது என் நிகழ்ச்சி நிரல்," என்றார் தலைவர்.

சட்டப் பிரிவுக்காரர் தொண்டையைச் செருமினார். "இதழ் ஏத்துக்கிட்ட கடிதம் இன்னைக்குச் செல்லுபடியாகுமில்லையா? அப்போ படிவத்துல கட்டுரை எண்ணிக்கை ஒண்ணுன்னு போட சட்டப்படி தடை இல்ல." மனுஷன் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அவளுக்கு ஒரு கணம் கால் தரையிலிருந்து எழும்பிய மாதிரி இருந்தது. இப்போதுகூட வாயை மூடிக்கொண்டால் போதும்.

"இன்னைக்குச் சாயங்காலம் நானே இதழுக்கு எழுதித் திரும்ப வாங்கிக்கப் போறேன்," என்றாள். "பூஜ்யம்னு போடுங்க."

தலைவர் வெளிநிபுணரைப் பார்த்தார். அவர் ஜன்னலிலிருந்து திரும்பி, "அவங்க சொல்றது சரி," என்றார். அவ்வளவுதான். தலைவர் பேனாவைத் திறந்து, பூஜ்யம் போட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டு, விதிப்படி மேற்கொண்டு பரிசீலிக்க இயலாது, வருந்துகிறோம் என்றார். படத்தைக் கழற்றிச் சுருட்ட மட்டும் இரண்டு நிமிஷம் ஆனது. ரப்பர் வளையம் சரியாக நுழையவில்லை.

வெளியே அப்புறம் நின்றுகொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "அடிப்பாவி," என்றான். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். இதழுக்கு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். இன்னைக்கே. அப்புறம்னு ஒரு வார்த்தை உன் வாயிலேர்ந்து வந்துச்சு, இந்தப் படத்தாலேயே அடிப்பேன்."

அவன் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். "எனக்கு வேலை போகாது," என்றான் விரல்களுக்கு நடுவிலிருந்து. "உனக்குத்தான் போச்சு. நான் எழுதின வரி." அவளுக்கு அவனைத் திட்டவும் தெம்பில்லை, தேற்றவும் தெம்பில்லை. மடலை எழுதி வை என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். மின்தூக்கிக்குக் காத்திருந்தால் அழுதுவிடுவோம் என்று பயம்.

கீழ்ப்படியில் பின்னாலிருந்து யாரோ வேகமாக இறங்கும் சத்தம். வெளிநிபுணர்.

"ஒரு நிமிஷம்மா. எனக்கு வண்டி காத்துட்டிருக்கு, இருந்தாலும் இதைச் சொல்லாமப் போகக்கூடாது." முதுகுப் பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார். அவளுடைய கட்டுரை. ஓரமெல்லாம் பென்சில். "ரயில்ல ரெண்டு தடவை படிச்சேன். மூணாம் பக்கத்துல நீக்கின அச்சு திரும்ப வரவே இல்லைன்னு கண்டுபிடிச்சுட்டேன்."

"அப்போ ஏன் மேடம் கேக்கலை?"

"கேக்கறதா இல்ல. நானும் ஏழு வருஷம் தற்காலிகமா இருந்தவதான். முதல்ல வேலையை வாங்கிக்கட்டும், அப்புறம் தனியாக் கூப்பிட்டுச் சொல்லலாம்னு முடிவு பண்ணிட்டு வந்தேன். அதான் உங்க முகத்தைப் பார்க்காம ஜன்னலையே பார்த்துட்டிருந்தேன்."

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். படித்த ஒரே ஆள். கண்டுபிடித்த ஒரே ஆள். அந்த ஆளும் வாயை மூடிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்திருக்கிறார். இன்னும் பத்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தால் வேலை கைக்கு வந்திருக்கும்.

"இதை ஏன் மேடம் என்கிட்ட சொன்னீங்க?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "தெரியாமலேயே போயிருப்பேனே. யாராவது எப்படியும் கேட்டிருப்பாங்கன்னு நினைச்சுட்டு நிம்மதியாத் தூங்கியிருப்பேனே!"

அந்தப் பெண்மணி முகம் சிவந்து, மன்னிச்சுக்கோங்க என்று ஏதோ முணுமுணுத்து, அந்தத் தாள் கட்டை அவள் கையில் வைத்துவிட்டு வாகனம் நிறுத்துமிடத்தைப் பார்த்துப் போய்விட்டார்.

அவள் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். மூக்கைச் சிந்தத் துணி இல்லாமல் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, கையிலிருந்ததைப் புரட்டினாள். மூன்றாம் பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டம். ஒன்பதில், "கோணம் பாதி, கவனம்." பதினான்கில் ஒரு குறியீடு விட்டுப்போனதைச் சேர்த்திருந்தார். பதினேழில் ஒரு கணக்கை ஓரத்திலேயே மறுபடி போட்டுப் பார்த்து, சரி என்று குறித்திருந்தார். ஒரு பக்கம்கூட விடவில்லை. நாலு வருஷமாக அவள் தனியாகத் திரிந்த இடத்தில் யாரோ பென்சிலோடு பின்னாலேயே நடந்து வந்திருந்தார்கள். அழுகை எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை.

இருபத்திரண்டாம் பக்கத்துக்கு வந்தாள். அங்கே ஒரு சின்னத் துணைத்தேற்றம்: மேகம் போதுமான வேகத்தில் சுழன்றால் அதற்குள் ஒளிப்பாதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளாது. அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. கீழே: "சந்தேகம். இதுவும் அச்சோடு சேர்ந்து விழும்."

"என்னது?" என்றாள் சத்தமாக.

விழாது. எப்படி விழும்? இந்த நிரூபணத்தில் அச்சு வரவே இல்லையே. அச்சு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, சுழற்சி ஒன்று போதும். இது அவள் தனியாகப் போட்ட கணக்கு, அப்புறம் கைவைக்காத ஒரே இடம். ரயிலில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தாராம்! படிக்கிறவர் ஒழுங்காகப் படிக்க வேண்டாமா? அவளுக்கு மறுபடி ஏறியது. எழுந்தாள். சுருட்டிய படம் படியில் உருண்டு போனது, எடுக்கவில்லை. தாள் கட்டோடு வாகனம் நிறுத்துமிடத்துக்கு ஓடினாள்.

வாடகை வண்டி பின்னோக்கி நகர்ந்து, திரும்பி, வாசலைப் பார்த்து நின்றிருந்தது. அவள் பின் கதவுக் கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள். கண்ணாடி இறங்கியது. அந்தப் பெண்மணி, அடி விழப்போகிறது என்று பயந்தவர் மாதிரி பார்த்தார்.

"மேடம், இருபத்திரண்டாம் பக்கம் சரிதான்," என்றாள், மூச்சிரைக்க. "நீங்க போட்டிருக்கற கேள்விக்குறிதான் தப்பு. இறங்குங்க. பென்சிலை எடுங்க."

அந்தப் பெண்மணி அவளைப் பார்த்தார், பக்கத்தைப் பார்த்தார், ஓட்டுநரிடம் வண்டியை அணைக்கச் சொன்னார்.